மறைவிடமும் உகந்தருளின நிலமும்: எபிரேயக் காதற்பாட்டும் திருவாய்மொழி வ்யாக்யானமும்

கச்சித் திருவட்டபுயகரத்தைத் திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த பெரிய திருமொழி இரண்டாம்பத்து எட்டாம் திருமொழி, பரகாலநாயகியின் பேச்சாக அமைந்தது. அறிமுகமில்லாத ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். ஒரு பாசுரத்தில் அவர் நரசிங்க வடிவாய்த் தோன்றுகிறார். மற்றொன்றில் எட்டுத் திருக்கைகளிலும் திவ்யாயுதங்கள் விளங்க நிற்கிறார். இவர் யாரோ என்று அவள் வியக்கிறாள். பாசுரந்தோறும் கிடைக்கும் விடை ஒன்றே: தாம் அட்டபுயகரத்தில் இருப்பவர் என்கிறார். பேரையும் குலத்தையும் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்லி நிறுத்துகிறார். தூப்புலுக்கு அண்மையில் இன்றும் ஸேவிக்கக் கிடைக்கும் ஸந்நிதி அது. பலஸ்ருதிப் பாசுரம் வயிரமேகன் என்னும் அரசனைப் பெயர் சுட்டிப் பேசுவதால், ஆழ்வாரது காலத்தை 8ஆம் நூற்றாண்டோடு இணைக்க முற்பட்ட வரலாற்று ஆராய்ச்சியாளர்களும் இத்திருமொழியை அடிக்கடி எடுத்தாண்டுள்ளனர். இடமும் காலமும் இவ்வளவு தெளிவாகப் பொறிக்கப்பட்ட அகப்பாடல் எம்மொழியிலும் அரிது.

இதனோடு ஒப்பவைக்கத்தக்க ஒரு வினா எபிரேய வேதத்தில் உள்ளது. யூதர்கள் ‘ஷிர் ஹஷிரிம்’ எனவும், தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘உன்னதப்பாட்டு’ எனவும் வழங்கும் அந்நூல் 8 அதிகாரங்களும் 117 வசனங்களும் கொண்ட சிறிய காதற்பாடல். அதன் ஐந்தாம் அதிகாரத்தில் தலைவி தலைவனைத் தேடி இரவில் நகரெங்கும் அலைகிறாள். காவலர் அவளைக் கண்டு அடிக்கின்றனர். எருசலேம் நகரத்துப் பெண்கள், மற்ற ஆடவரினும் உன் காதலனுக்கு என்ன சிறப்பு என்று கேட்கின்றனர். அவள் முடிமுதல் அடிவரை அவன் அழகை வருணித்து விடையளிக்கிறாள். தலை பொன், கண்கள் புறாக்கள், கால்கள் சலவைக்கல் தூண்கள் என்று வருணனை விரிகிறது. ஆனால் அவன் எந்த ஊரான் என்று அவள் சொல்லவில்லை. நூலில் ஊர்ப்பெயர்களுக்குக் குறைவில்லை. கீலேயாத், கர்மேல், எஸ்போன், திர்சா, லீபனோன் எல்லாம் வருகின்றன. அவை பெரும்பாலும் கூந்தலுக்கும் கண்ணுக்கும் மூக்கிற்கும் உவமைகளாய் நிற்கின்றன. காதலனுக்கு முகவரியாய் நிற்கும் ஊர் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இவ்விரு மரபுகளையும் ஒருங்கே வாசித்த மேனாட்டு ஆராய்ச்சியை மதிப்பிடுவது பயனுடையது.

அவ்வாராய்ச்சிக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று வரலாற்றுக் கிளை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றான ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் ‘தோகை’யோடும், மணப்பொருளைக் குறிக்கும் ‘அஹலோத்’ என்பதை ‘அகில்’ என்பதோடும் பொருத்திக் காட்டினார். இதன்மேல் ஒரு மாளிகையையே எழுப்பியவர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹயிம் ராபின். 1973இல் வெளிவந்த அவரது கட்டுரை, உன்னதப்பாட்டில் பெண்ணே மிகுதியாகப் பேசுவதையும், பிரிந்த தலைவனை நினைந்து அவள் ஏங்குவதையும், இயற்கையின் வளர்ச்சியும் தளிர்ப்பும் காதலோடு பின்னிக் கிடப்பதையும் சுட்டி, இம்மூன்றும் ஒருசேர அமைந்த இலக்கியம் சங்க அகப்பாடலே என்றது. நறுமணப் பொருள் வாணிகத்தின் வழியே தென்னாட்டுக் கவிமரபு எருசலேம் சென்றிருக்கலாம் என்பது அவரது துணிபு.

தமிழ் மேடைகளில் இக்கட்டுரை பெற்ற வரவேற்பு அதன் வலிமைக்கு மிஞ்சியது. சாலமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டினன்; நமக்குக் கிடைத்துள்ள சங்கப் பாடல்களோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்டவை. உன்னதப்பாட்டிலேயே நான்காம் அதிகாரத்தில் தோட்டத்தைக் குறிக்க வரும் ‘பர்தேஸ்’ பாரசீகச் சொல் ஆதலின், நூல் இன்றைய வடிவம் பெற்றது பாரசீகர் ஆட்சிக்குப் பின் என்றே பெரும்பாலோர் கொள்வர். ‘துக்கி’யும் ஐயத்திற்கு இடமற்றதன்று, அதனை எகிப்தியக் குரங்குப் பெயரோடு இணைப்போரும் உளர். உன்னதப்பாட்டிற்கு அண்மையான உறவினர் எகிப்தியக் காதற்பாடல்களே என்பதை மைக்கேல் ஃபாக்ஸ் 1985இல் விரிவாக நிறுவினார். சங்கப்பாடலையும் உன்னதப்பாட்டையும் அமைதியாக எடைபோட்ட ஆபிரகாம் மரியசெல்வத்தின் ஆய்வும் 1988இல் உரோமையில் அச்சேறியது. கப்பலில் சென்றது மயிலா குரங்கா என்ற வழக்கு எவ்வாறு முடிந்தாலும், அருளிச்செயலைக் கற்போர்க்கு அதனால் ஒரு பாசுரத்தின் பொருளும் கூடுதலாக விளங்கப்போவதில்லை.

இரண்டாம் கிளை வ்யாக்யானக் கிளை. ஏசுசபைத் துறவியும் ஹார்வர்டு பேராசிரியருமான ஃபிரான்சிஸ் க்ளூனி 1996இலேயே திருவாய்மொழியையும் அதன் உரைகளையும் பற்றி ஒரு பெருநூல் எழுதியவர். 2008இல் ஸ்வாமி தேசிகனையும் பிரான்சிஸ் தெ சாலேயையும் ப்ரபத்தி பற்றி ஒப்பிட்டு ஆராய்ந்தவர். 2013இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது நூல், ‘அவனது மறைவிடம் இருள்’ எனப் பொருள்படும் தலைப்புடையது. இறைவன் இருளைத் தன் மறைவிடமாக்கிக்கொண்டான் என்னும் சங்கீதக் கருத்திலிருந்து எடுத்த தலைப்பு அது. தலைவன் மறைந்த வேளையில் தலைவி பேசும் உன்னதப்பாட்டுப் பகுதிகளையும், பராங்குசநாயகி பேசும் திருவாய்மொழிகளையும் அவர் மாறிமாறி வாசிக்கிறார். மூலங்களை மட்டும் வைத்து வாசிக்காமல், அங்கே இடைக்காலச் சிஸ்டர்சியத் துறவியரையும் இங்கே நஞ்சீயர், நம்பிள்ளை முதலிய பூர்வாசார்யர்களையும் துணைக்கொள்கிறார். உரையின்றி மூலம் வாசியாமை என்னும் நெறியைப் பிற சமயத்தார் ஒருவர் இத்துணைப் பொறுமையோடு கைக்கொண்டது பாராட்டிற்குரியது. இரண்டும் ஒன்றே என்று அவர் எங்கும் விரைந்து முடிவு கட்டுவதுமில்லை.

உரைமரபை நடுவில் வைத்தமையால், ராபினுக்குத் தோன்றாத ஒற்றுமைகள் இங்கே புலப்படுகின்றன. காதற்பாட்டு எப்படி வேதமாகும் என்ற நெருக்கடியை இரு மரபுகளும் சந்தித்தன. உன்னதப்பாட்டில் இறைவன் திருநாமம் வெளிப்படையாக ஓரிடத்தும் இல்லை. எட்டாம் அதிகாரத்தில் தழலைக் குறிக்கும் ஒரு சொல்லின் ஈற்றில் மட்டும் அதன் சாயல் உண்டென்பர். அந்நூல் ‘கைகளைத் தீட்டாக்குமோ’, அதாவது புனித நூல்களின் வரிசையில் சேருமோ, என்று யூத ரபீக்கள் வாதிட்டதை மிஷ்னா பதிவுசெய்கிறது. அங்கே ரபீ அகீவா, மற்ற நூல்கள் புனிதமாயின் இது புனிதங்களுட் புனிதம் என்று தீர்ப்பளித்தார்; விருந்து மண்டபங்களில் இதனைப் பண்ணிசைத்துப் பாடுபவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று அவர் எச்சரித்ததாகத் தொசெஃப்தா கூறும். ஈட்டின் மஹாப்ரவேசத்தைக் கற்றவர்க்கு இவ்வழக்கு புதிதன்று. ஸ்ருதி ஸ்ம்ருதிகளுக்கு மாறாகக் காமத்தைப் பலவிடங்களில் பேசுகையால் திருவாய்மொழி பரிக்ரஹிக்கத் தகாது என்னும் பூர்வபக்ஷத்தை நம்பிள்ளை தாமே எழுப்பி, இங்குக் காமம் என்று பேசப்படுவது பகவத் விஷயத்திலுள்ள பக்தியே என்று ஸமாதானம் அருளிச்செய்கிறார். அகீவா காதற்பாட்டுக்குச் சுவர் எழுப்பிக் காத்தார். நம்பிள்ளை காமம் என்ற சொல்லையே பக்தியின் பெயராக்கி உள்ளே அழைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே அச்சத்தினின்று பிறந்த இருவேறு துணிவுகள்.

யார் பேசுகிறார் என்னும் சிக்கலும் பொதுவானது. எபிரேயத்தில் முன்னிலையிலேயே ஆண்பால் பெண்பால் வேறுபாடு உண்டு; ஆகவே கூற்று யாருடையது என்பது பல இடங்களில் சொல்லின் ஈற்றாலேயே தெரியும். மொழிபெயர்ப்பில் அது மறையும். 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சுவடியான சினாயிட்டிகஸில் பேசுவோர் இன்னார் என்று செம்மையால் குறிப்பெழுதியது இதனாலேயே. தமிழ் ‘நீ’க்குப் பால் கிடையாது. திருவிவிலியம் இந்நூலை ‘இனிமைமிகு பாடல்’ என்று பெயர்த்தபோது ‘தலைவி கூற்று’ என்று அகத்திணைச் சொல்லால் தலைப்பிட நேர்ந்தது. ஆழ்வார் பாசுரங்களுக்கு அத்தகைய ஒட்டு வேண்டியதில்லை. தாய் பாசுரம், தோழி பாசுரம், மகள் பாசுரம் என்னும் பாகுபாடு பாடுவோரும் கேட்போரும் முன்னமே அறிந்த கவியிலக்கணத்தின் பகுதி. வ்யாக்யாதாக்கள் அதனை அவதாரிகையில் எடுத்துரைத்தார்களேயன்றிப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

உரைகள் வளர்ந்த விதத்தில் ஒரு வேற்றுமை உண்டு. பெர்னார்டு என்னும் துறவி உன்னதப்பாட்டின்மேல் 86 பிரசங்கங்கள் செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டினார்; இரவில் படுக்கையில் தலைவி தேடித் தலைவனைக் காணாத வசனம் அது. 1153இல் அவர் மறைய, கில்பெர்ட் அவ்விடத்திலிருந்து ஐந்தாம் அதிகாரத்தின் பத்தாம் வசனம் வரை தொடர்ந்தார். எஞ்சியதை ஜான் 120 பிரசங்கங்களில் முடித்தார். ஒருவர் விட்ட வசனத்தில் மற்றவர் கைவைத்து மூன்று தலைமுறையில் ஓர் உரை முற்றுப்பெற்றது. நம் மரபில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படியில் முழுவதும் உரைத்திருக்கவும், நஞ்சீயர் ஒன்பதினாயிரத்தை முதற்பாசுரத்திலிருந்தே தொடங்குகிறார். பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஈடாக ஏடுபடுத்துகிறார். ஒவ்வொரு தலைமுறையும் முழுத் திருவாய்மொழியையும் ஆசார்யனிடம் கேட்டாக வேண்டும் என்பதே இதன் கருத்து. ஏடு கையிலிருந்தால் போதும் என்று மரபு ஒருபோதும் கருதவில்லை. நம்பிள்ளை தம் நியமனமின்றி எழுதப்பட்ட ஈட்டை வாங்கி ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்துவைத்தார். அது மகன் பத்மநாபர் வழியே நாலூர்ப் பிள்ளையை அடைந்தது. காஞ்சியில் பேரருளாளன் நியமனத்தால் திருவாய்மொழிப் பிள்ளைக்கு உபதேசிக்கப்படும் வாய்ப்பு ஏற்பட்டதெனக் குருபரம்பரை கூறும். மணவாள மாமுனிகள் கைக்கு ஈடு வந்தது இவ்வழியே. க்ளூனியின் நூலில் இரு திறத்து உரைகாரரும் ஒரே மேசையில் விரித்த இரு புத்தகங்களைப்போல் தோன்றுகின்றனர். அவற்றுள் ஒன்று ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டே வந்தது என்னும் வேற்றுமை வாசகனுக்குப் போதிய அளவு உறைப்பதில்லை.

நூலின் தேர்விலும் ஒரு குறை உண்டு. எபிரேய வேதத்திற்குத் துணையாக நிற்பது இலத்தீன் உரை. உன்னதப்பாட்டை எபிரேயத்திலேயே ஓதி எபிரேயத்திலேயே உரைசெய்தோர் இந்த ஒப்பீட்டின் நடுவில் இல்லை. தர்கூம் என்னும் அரமேய விளக்கம் அப்பாட்டை எகிப்திலிருந்து புறப்பட்டது தொடங்கி மெசியாவின் காலம் வரையுள்ள இஸ்ரயேலின் சரித்திரமாகவே விரிக்கிறது. நம்பிள்ளைக்கு இணையாக ஒருவரை நிறுத்த வேண்டுமாயின், பெர்னார்டைவிட ரஷியே பொருத்தமானவர். 1040 முதல் 1105 வரை வாழ்ந்து, பிரான்சின் துருவா நகரில் உரை செய்தவர் அவர். பிரெஞ்சுச் சொற்களை எபிரேய எழுத்தில் இட்டுப் பொருள் சொல்லும் அவரது நடை, மணிப்ரவாளத்தில் ஊறிய நம்மவர்க்கு உடனே பிடிபடும். உள்ளுறை எவ்வளவு உயர்ந்ததாயினும் உவமை தன் இடத்திலும் வரிசையிலும் பொருந்தியே நிற்க வேண்டும் என்று அவர் தம் முன்னுரையில் வற்புறுத்துகிறார். உன்னதப்பாட்டுத் தலைவியை, கணவன் உயிரோடிருக்கவே கைம்மை பூண்டு அவனை நினைந்து வாடும் பெண்ணாக அவர் காண்கிறார். நாடிழந்த இஸ்ரயேல் அவள். ஆற்றாமையிலும் நாயகனுடைய உறவு அறவில்லை என்று தெளிந்திருக்கும் பராங்குசநாயகியை இதற்கருகே நிறுத்திப் பார்த்தால் ஒப்பும் வேறுபாடும் ஒருங்கே தெளியும். ரஷியின் தலைவி ஒரு குலம் முழுவதற்கும் நிற்பவள். பெர்னார்டின் தலைவி ஆன்மாவுக்கும் திருச்சபைக்கும் நிற்பவள். பராங்குசநாயகி ஆழ்வார் தாமே.

இங்கேதான் அடிப்படையான கருத்து வேற்றுமை எழுகிறது. யூத உரையும் இலத்தீன் உரையும் தலைவி எதனைக் குறிக்கிறாள் என்று கேட்கின்றன. ஈடு அவ்வாறு கேட்பதில்லை. ஆழ்வார் ஏன் இந்த இடத்தில் பெண்ணானார் என்று கேட்கிறது. ஞானம் மேலிட்டபோது தாமான தன்மையில் பேசுகிறார். ப்ரேமம் மேலிட்டபோது பிராட்டி தன்மையை அடைந்து பேசுகிறார் என்று அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் வகுத்துக் காட்டினார். இது குறியீடன்று, அவஸ்தை. திருவாய்மொழியின் 100 பதிகங்களுள் பெண்பேச்சாக அமைந்தவை 27: தாய் பேச்சு 7, தோழி பேச்சு 3, மகள் பேச்சு 17. எஞ்சிய 73உம் தாமான தன்மையில் அமைந்தவை. இரண்டிற்கும் இடையேயுள்ள ஸங்கதியைச் சொல்வதிலேதான் வ்யாக்யாதாக்களின் உயிர் இருக்கிறது. முதற்பத்து மூன்றாம் திருவாய்மொழியில் வெண்ணெய் களவாடிக் கட்டுண்ட எளிமையை நினைந்து ஆழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது ஐதிஹ்யம். அந்த எளிமையில் ஆழங்காற்பட்டும் அநுபவம் கைகூடாமையாலேயே நான்காவதில் பறவைகளைத் தூதுவிடும் பெண்ணாகிறார். மூன்றை விலக்கி நான்கை மட்டும் உன்னதப்பாட்டின் அருகே வைத்தால், இரண்டும் காதலனைக் காணாத இரு பெண்களின் புலம்பலாகவே தோன்றும். க்ளூனியின் முறை பெண்பேச்சுத் திருவாய்மொழிகளையே பற்றிச் செல்வதால், இந்த இடர் நூல் நெடுகத் தொடர்கிறது. அவர் உரைகளை நன்கு கற்றவர். எனினும் தெரிந்தெடுத்துத் தொகுக்கும் முறை, கற்ற உரையின் கோவையை அறுத்துவிடுகிறது.

‘மறைவு’ என்னும் மையக்கருத்தோ இதனினும் கூர்மையான வினாவுக்கு உரியது. எம்பெருமான் இருளில் ஒளிந்தான் என்பது பராங்குசநாயகியின் குறையன்று. அவன் எங்கிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். திருவாய்மொழியில் தூதுவிடும் பதிகங்கள் நான்கு. அந்நான்கிற்கும் விஷயம் முறையே வ்யூஹம், விபவம், பரத்வமும் அந்தர்யாமித்வமும், அர்ச்சை என்று ஆசார்யஹ்ருதயம் பகுக்கிறது. அவன் வாராமைக்குக் காரணமாகத் தம் பிழை, அவனது செல்வப் பெருக்கு, படைத்த உலகின் பரப்பு, தமரோடு கூடிய வாஸம் என்பவற்றைச் சொல்லி, அவை மறக்கச் செய்த பொறுமை, காக்கும் விரதம், கலந்து பழகும் இனிமை, வடிவழகு ஆகியவற்றைத் தூதர் நினைவூட்ட வேண்டும் என்கிறது. ஒன்பதாம்பத்து ஏழாவதில் தூது செல்லும் ஊர் திருமூழிக்களம். இன்றும் கேரளத்தில் உள்ள திவ்யதேசம். விலாசம் தெரிந்தே தூது விடப்படுகிறது. உன்னதப்பாட்டுத் தலைவி தெருத்தெருவாக அலைந்து காவலரிடம் வினவுகிறாள்; பராங்குசநாயகி நாரைக்கும் குருகுக்கும் வழி சொல்கிறாள். முதலாவது காணாமையால் வந்த துயரம். இரண்டாவது கண்டும் கிட்டாமையால் வந்தது. ‘இல்லாமை’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடினால், உகந்தருளின நிலங்கள் என்று ஸம்ப்ரதாயம் ஏன் கூறுகிறது என்பதே விளங்காமற் போகும். அர்ச்சாவதாரத்தை ஒப்பீட்டின் நடுவில் வைக்காத நூல், திருவாய்மொழியின் ஏக்கத்தை உரையில்லாத ஏக்கமாக்கும் அபாயத்தில் நிற்கிறது.

பத்தாம்பத்து மூன்றாம் திருவாய்மொழி இதற்குத் தக்க சான்று. கண்ணன் அருகிலேயே இருக்கிறான். பொழுது விடிகிறது; பசு மேய்க்கப் போய்விடுவானோ என்ற அதிசங்கையாலேயே தலைவி பிரிவாற்றாமை எய்துகிறாள். அவள் கதறலைக் கேட்டு அவன் போகாமல் நின்றான் என்பர் பூர்வர்கள். வாராத பிரிவைக் கண்ணெதிரே வைத்துத் துடிக்கும் இந்நிலைக்கு மறைவு என்ற சொல் எட்டாது. பெர்னார்டின் பிரசங்கங்களில் மணவாளன் வருவதும் போவதும் மாறிமாறி நிகழும். இங்கு அவன் போகாமலேயே பிரிவு நிகழ்கிறது.

இக்குறைகளை எண்ணும்போது நம் பக்கத்துக் குறையும் கண்ணிற்படுகிறது. அமெரிக்கத் துறவி ஒருவர் ஈடு கற்க முன்வந்தார். ரஷியை எபிரேயத்தில் கற்று ஈட்டோடு வைத்துப் பார்க்க முன்வந்த ஸ்ரீவைஷ்ணவ வித்வான்கள் எத்தனை பேர்? மேனாட்டார் ஒப்பிடுவதைக் குறைகூறுவதும், தோகையும் அகிலும் எருசலேம் சென்ற கதையில் பெருமிதம் கொள்வதும் எளிது. தர்கூமின் உரைமுறையை அறிந்தால், ஸ்வாபதேசம் எங்கே குறியீடாகச் சுருங்குகிறது, எங்கே அவஸ்தையாகவே நிற்கிறது என்று நம் உரைகளையே இன்னும் நுட்பமாகக் கற்க வழி பிறக்கும். காலக்ஷேப கோஷ்டிகளில் இளைய தலைமுறையினர் எழுப்பும் கேள்விகள் பல இத்தகையனவே. காதற்பாட்டு ஏன் வேதமாயிற்று என்று அவர்கள் கேட்கும்போது, அதே கேள்விக்கு வேறொரு குலம் அளித்த விடையும் ஆசிரியர் கையில் இருந்தால் நன்று.

இரு நூல்களின் முடிவுகளும் ஒன்றல்ல. உன்னதப்பாட்டின் கடைசி வசனத்தில் தலைவி காதலனை ஓடிவிடச் சொல்கிறாள். நறுமண மலைகளின்மேல் மானைப்போல் விரைந்து போ என்கிறாள். கூடினார்களா என்பது சொல்லப்படாமலே பாட்டு நிற்கிறது. அந்தத் தீராமையே க்ளூனியின் நூலுக்கும் இறுதிச் சுருதி. திருவாய்மொழியின் பத்தாம்பத்துப் பத்தாம் திருவாய்மொழியிலோ ஆழ்வார் பெண்பேச்சை விட்டுத் தாமான தன்மையில் நின்று, இனி உன்னைப் போகவொட்டேன் என்று எம்பெருமானைத் தடுக்கிறார். அவா அற்று வீடு பெற்றதை அப்பதிகத்தின் கடைசிப் பாசுரம் உரைக்கிறது. அது திருவாய்மொழியின் ஆயிரத்தையும் முடித்து வைக்கும் பாசுரம். அங்கே தலைவியும் இல்லை, தூதும் இல்லை.